கணக்கைக் காட்டுகிறவர்களே, கேள்வியைக் காட்டுங்கள்!

பத்திரிகையைப் பிரித்தால் சதவிகிதம். ரேடியோவைத் திருப்பினால் சதவிகிதம். நூற்றுக்கு இத்தனை பேருக்கு வேலை கிடைத்துவிட்டது, வறுமை இத்தனை புள்ளி இறங்கிவிட்டது, மில் தொழிலாளர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் திருப்தியாக இருக்கிறார்கள்! மந்திரி பேசினாலும் ஒரு புள்ளிவிவரம், முதலாளிமார் சங்கத் தலைவர் பேசினாலும் ஒரு புள்ளிவிவரம்.

இந்தப் புள்ளிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. யாரோ ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து உங்கள் வீட்டுத் திண்ணையிலோ, மில் விடுதி வராந்தாவிலோ உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். கேட்டது என்ன, சொன்னது என்ன, எழுதியது என்ன? மூன்றும் ஒன்றுதானா? அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது?

இதைத்தான் நாம் கேட்க வேண்டும் என்கிறோம். விடையை மட்டும் ஊருக்குச் சொல்லி, கேள்வியைப் பெட்டியில் பூட்டி வைப்பவன் கணக்குக் காட்டவில்லை, கண்கட்டு வித்தை காட்டுகிறான். ஆராய்ச்சி என்ற பெயரில் எந்தக் கணக்கெடுப்பு நடந்தாலும் சரி, சர்க்கார் நடத்தினாலும், கல்லூரி நடத்தினாலும், கம்பெனி நடத்தினாலும், நம் சங்கமே நடத்தினாலும் சரி, கேட்ட கேள்வியைக் கேட்ட வார்த்தையிலேயே, கேட்ட வரிசையிலேயே எழுதி வைத்து வெளியிட வேண்டும். அதைச் செய்யாத கணக்குக்கு மரியாதை கிடையாது.

"இது குமாஸ்தா வேலை, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஒரு கேள்வியின் ஒரு வார்த்தை மாறினால் எத்தனை கோடி ஜனங்கள் கணக்கிலிருந்தே மறைந்து போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும்.

சும்மா இருக்கிறாளாம்!

1961-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் வேலை செய்யும் பெண்கள் ஏறக்குறைய 6 கோடிப் பேர். 1971-ம் வருஷத்துக் கணக்கில் 3 கோடிச் சொச்சம். பத்து வருஷத்தில் பாதிப் பேர் எங்கே போனார்கள்? நாட்டில் நடவு நின்றுவிட்டதா? களையெடுப்பு நின்றுவிட்டதா? பீடி சுற்றுவதும் தறிக்கு நூல் சுற்றுவதும் நின்றுவிட்டனவா?

ஒன்றும் நிற்கவில்லை. கேள்வி மாறியது, அவ்வளவுதான். 1961-ல், பருவ வேலையானால் பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தவர்களையெல்லாம் வேலை செய்பவர்கள் என்று எழுதினார்கள். 1971-ல் "உங்கள் முக்கியமான வேலை என்ன?" என்று முதலில் கேட்டார்கள். நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லுவார்? பெரும்பாலும் ஆம்பிளை. என்ன சொல்லுவார்? "அவ வீட்ல சும்மாதான் இருக்கா." விடிவதற்கு முன் எழுந்து கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, நாற்றங்காலில் பறித்து, சேற்றில் குனிந்து நட்டு, பொழுது சாய்ந்து வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவள் "சும்மா இருக்கிறவள்" ஆகிவிட்டாள். தாளில் "வீட்டு வேலை" என்று விழுந்தது. தில்லியில் கூட்டிப் பார்த்தபோது மூன்று கோடிப் பெண்களின் உழைப்பு காணாமல் போயிருந்தது.

அந்தத் திண்ணையில் வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். "போன தாளடியில் நாற்று நட்டீங்களா? யார் வயலில்? எத்தனை நாள்? களை எடுத்தீங்களா? அறுப்புக்குப் போனீங்களா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டிருந்தால் பதில் வேறு. ஆனால் இங்கே நாம் சொல்ல வருவது அதற்கும் அடுத்த விஷயம். 1961-ல் எப்படிக் கேட்டார்கள், 1971-ல் எப்படிக் கேட்டார்கள் என்பது அச்சில் இருந்தது. அது இருந்ததால்தான் "பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள்" என்ற கதை நிற்கவில்லை. கேள்விகளை மறைத்திருந்தால்? இன்றைக்கும் எவனாவது ஒரு பண்டிதன், சுதந்திர இந்தியாவில் செழிப்பு வந்ததால் பெண்கள் வீட்டோடு ஓய்வெடுத்தார்கள் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருப்பான்.

நமக்குச் சாதகமான புள்ளியையும் விடாதே

விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிச் சர்க்கார் நடத்திய முதல் விசாரணை 1950-51-ல். இரண்டாவது 1956-57-ல். இடையில் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் முழுசாக ஓடி முடிந்தது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? குடும்பத்தின் சராசரி வருஷ வருமானம் 447 ரூபாயிலிருந்து 437 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஆண் கூலி புதுக்காசுக் கணக்கில் 109-லிருந்து 96. பெண் கூலி 68-லிருந்து 59. குடும்பத்தின் சராசரிக் கடன் 47 ரூபாயிலிருந்து 88 ரூபாய்.

இதைவிடக் கூர்மையான ஆயுதம் வேண்டுமா? திட்டம் போட்டு ஏழையை மேலும் ஏழையாக்கினார்கள் என்று மேடையில் முழங்குவதற்கு இந்த நாலு எண் போதும். அப்படி முழங்கினால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? இரண்டு விசாரணையும் ஒன்றல்ல என்று சொல்லும். அது உண்மையும்கூட!

முதல் விசாரணையில் விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்றால், வேலை செய்த நாட்களில் பெரும்பகுதி விவசாயக் கூலி வேலையில் கழித்த குடும்பம். இரண்டாவதில், வருமானத்தின் பெரும்பகுதி விவசாயக் கூலியிலிருந்து வந்த குடும்பம். ஒரு துண்டு நிலத்தில் குத்தகைப் பயிர் வைத்துக்கொண்டு கூலிக்கும் போன குடும்பம் முதல் கணக்கில் உள்ளே இருக்கலாம், இரண்டாவது கணக்கில் வெளியே போய்விடலாம். அதனால்தான் குடும்பங்களின் எண்ணிக்கையே 1 கோடியே 79 லட்சத்திலிருந்து 1 கோடியே 63 லட்சமாகக் குறைந்தது. குடியானவர்கள் நிலமிழந்து கூலிகளாகிக்கொண்டிருந்த காலத்தில் கூலிக் குடும்பம் குறைந்ததாம்!

கூலியின் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. நெல்லாக அளந்த கூலியைக் காசாக மாற்றும்போது, முதல் விசாரணையில் சில்லறை விலையில் மாற்றினார்கள். இரண்டாவதில் மொத்த விலையில் மாற்றினார்கள். களத்துமேட்டில் அளந்தது அதே நெல், அதே மரக்கால். காகிதத்தில் மட்டும் கூலி இறங்கியது. 109 காசு 96 காசானதில் மிராசுதார் அடித்தது எவ்வளவு, குமாஸ்தாவின் பேனா அடித்தது எவ்வளவு? இரண்டையும் பிரித்தறிய நெல்லின் அளவும் மாற்றிய விலையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இதிலிருந்து "சர்க்கார் கணக்கெல்லாம் பொய்" என்று உதறிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். கடன் ஏறியது பொய்யா? வேலை கிடைக்காத நாட்கள் பொய்யா? பொய்யல்ல. ஆனால் ஒரு புள்ளியைக் கையில் எடுக்குமுன் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குச் சாதகமான புள்ளியையும் விடக்கூடாது. எதிரி பிடுங்கிவிடக்கூடிய ஆயுதத்தை ஏந்திப் போவது வீரமல்ல.

ஏழு நாளா, முப்பது நாளா?

இன்னொரு கதை, இது நம் காலத்துக் கதை. தேசிய மாதிரி சர்வேக்காரர்கள் வீடு வீடாகப் போய், என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். அதை வைத்துத்தான் வறுமைக் கணக்கு. வெகு காலமாகக் "கடந்த 30 நாளில் எவ்வளவு?" என்று கேட்டு வந்தார்கள். 1999-2000-ல் சாப்பாட்டுச் சாமான்களுக்கு "கடந்த 7 நாளில் எவ்வளவு, கடந்த 30 நாளில் எவ்வளவு?" என்று இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள்.

என்ன ஆகும் என்று நீங்களே சொல்லலாம். போன வாரம் வாங்கிய மிளகாய், புளி, வெற்றிலை எல்லாம் நினைவில் இருக்கும். போன மாசத்து முதல் வாரத்தில் வாங்கியது மறந்திருக்கும். வாரக் கணக்கை முதலில் சொல்லிவிட்டால் மாசக் கணக்கை நாக்கு தானாக நாலால் பெருக்கிச் சொல்லும். செலவு கூடும். செலவு கூடினால் வறுமை குறையும்! இது முன்கூட்டித் தெரியாத விஷயமும் அல்ல. அதற்கு முந்திய சில வருஷங்களில் பாதி வீடுகளில் ஒரு தாளும் பாதி வீடுகளில் இன்னொரு தாளும் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். புதுத் தாளில் கேட்டால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிறது என்று தெரிந்திருந்தது.

அப்புறம் வந்தது அறிவிப்பு: 1993-94-ல் 36 சதவிகிதமாக இருந்த வறுமை 1999-2000-ல் 26.1 சதவிகிதம்! 32 கோடி ஏழைகள் 26 கோடி ஆகிவிட்டார்கள்! தாராளமயத்தின் மகிமை என்று ஊதினார்கள். பிறகு 2004-05-ல் பழையபடி 30 நாள் என்று மட்டும் கேட்டார்கள். 27.5 சதவிகிதம் வந்தது. ஐந்து வருஷம் கழித்து, நாடு இன்னும் வளர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு, வறுமை முன்னைவிடக் கூடுதலா? அப்படியல்ல. அந்த 26.1 தாளில் பிறந்த குழந்தை.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மாதிரி சர்வே நிறுவனம் தன் படிவங்களையும், கேட்கப் போகிறவர்களுக்குக் கொடுத்த குறிப்புகளையும் அச்சிட்டு வெளியிடும் வழக்கமுள்ளது. மகலனோபிஸ் காலத்திலிருந்து வந்த நல்ல வழக்கம் அது. தாள் வெளியில் இருந்ததால்தான் பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் வாதாடி அந்தப் புள்ளியின் சாயத்தை வெளுக்க வைக்க முடிந்தது. எங்கள் சண்டை அந்த ஊழியர்களோடு அல்ல. அவர்கள் எழுதிய அடிக்குறிப்பை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் மேடையில் துப்புகிறவர்களோடு.

அந்த விழுங்கும் வித்தையைச் சமீபத்திலும் பார்த்தோம். 2017-18-க்கான வேலையின்மைக் கணக்கு 6.1 சதவிகிதம் என்று வந்தது. தேர்தல் நேரம். வெளியிடாமல் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் புள்ளியியல் கமிஷனின் இரண்டு உறுப்பினர்கள் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து மே 31-ந் தேதிதான் கணக்கு வெளிவந்தது. அப்போது அதிகாரிகள் சொன்ன சமாதானம் என்ன? இது புது முறை, பழைய கணக்கோடு ஒப்பிடாதீர்கள் என்றார்கள். அதே வருஷம் நவம்பரில், 2017-18-ன் நுகர்வுச் செலவுக் கணக்கை, தரம் சரியில்லை என்று சொல்லி அடியோடு நிறுத்தினார்கள். பிறகு 2022-23-ல் புது நுகர்வுக் கணக்கு. ஒரே தாளுக்குப் பதில் மூன்று தாள், ஒரே வருகைக்குப் பதில் மூன்று வருகை. 2019-ல் சொன்ன நியாயப்படி இதையும் பழையதோடு ஒப்பிடக் கூடாதல்லவா? ஆனால் 2024 பிப்ரவரியில் கணக்கு வெளிவந்ததும், வறுமை 5 சதவிகிதமோ அதற்கும் கீழோ என்று நிதி ஆயோக்கின் தலைமை அதிகாரியே சொல்லிவிட்டார்! கணக்கு கசந்தால் முறை மாறிவிட்டது. கணக்கு இனித்தால் நாடு மாறிவிட்டது!

வேலையின்மைக் கணக்கில் வாராந்தரக் கேள்வி என்று ஒன்று உண்டு. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையுள்ளவர் என்று எழுதிவிடுவார்கள். 2025 முதல் மாதாமாதம் வெளியாகும் புள்ளி இந்த வாராந்தரக் கணக்குத்தான். உலகத்தில் பல நாடுகளிலும் இதே வழக்கம் என்பார்கள். இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தையும் தலைப்பிலேயே போடட்டும், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மூட்டை தூக்கிவிட்டு மற்ற ஆறு நாளும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோழர் தன் உத்தியோகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

பதின்மூன்று கேள்விகளில் ஒரு பரீட்சை

2002-ல் வறுமைக் கோட்டுக்குக் கீழே யார் என்று கண்டுபிடிக்கக் கிராமங்களில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பதின்மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 52. குறைந்த மார்க்கு வாங்கினால் நீ ஏழை. எத்தனை உருப்படி துணி இருக்கிறது? இரண்டுக்குக் கீழே என்றால் 0. இடம்பெயர்ந்து கூலி வேலைக்குப் போகிறாயா? போனால் 0. ஊரிலேயே கிடந்தால் 3! போக வழியில்லாமல் நோயாளி மாமியாரோடு ஊரிலேயே கிடக்கும் விதவை, மூன்று மார்க்குப் பணக்காரி. கடன் எங்கே? சாப்பாட்டுக்காக வட்டிக்காரனிடம் என்றால் 0. பாங்கியில் மட்டும் வாங்கியிருந்தால் 3. சர்க்காரிடமிருந்து என்ன உதவி வேண்டும் என்றுகூட ஒரு கேள்வி. கூலி வேலை கேட்டால் 0, வீடு கேட்டால் 3. வீடில்லாதவன் வீடு வேண்டும் என்று உண்மையைச் சொன்னால் பட்டியலை விட்டு மூன்று படி தள்ளிப்போவான்!

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி எல்லாருக்கும் உண்டு என்பதால் இந்தப் பரீட்சையின் அடி இங்கே அரிசியில் விழவில்லை. வட மாநிலங்களில் சோற்றிலேயே விழுந்தது. 2009-ல் சக்சேனா கமிட்டி, உண்மையான ஏழைகள் ஏராளமாக வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதியது. எத்தனை வீட்டில் கேள்வியையே கேட்காமல் தலையாரி வீட்டில் உட்கார்ந்து மார்க்கு போட்டார்கள் என்பதை எந்தக் கமிட்டி எழுதும்? கூட்டல் தொகை மட்டும் மேலே போய், பதின்மூன்று கேள்விக்கும் குடும்பம் சொன்ன பதில் குடும்பத்துக்கே காட்டப்படாமல் இருந்தால், தப்பை எந்த இடத்தில் போய்ப் பிடிப்பது?

விடுதி வராந்தாவில்

மில் தோழர்களுக்கு இந்தப் பரீட்சை வேறு உருவத்தில் வருகிறது. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளின் சார்பில் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். நல்ல காகிதம், நல்ல இங்கிலீஷ். ஒரு நூற்பாலையின் விடுதியில் தங்கி வேலை செய்த பெண் தொழிலாளர்கள் எங்களிடம் சொன்னது இது: முதல் நாள் இரவே வார்டன் வரிசையில் நிறுத்தி என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். மறுநாள் தணிக்கைக்காரர் "சாப்பாடு திருப்தியா?" என்று கேட்டபோது அதே வார்டன் கதவோரம் நின்றார். "திருப்தி, சார்" என்றார்கள். திருப்தி என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்தத் தாளைத் தொழிலாளி யாரும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

திருப்தியா என்று கேட்பது ஒரு கேள்வியா? "ஞாயிற்றுக்கிழமை விடுதியை விட்டு வெளியே போகலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? போன மாசம் எத்தனை தடவை போனீர்கள்? போன் யார் கையில் இருக்கும்? சம்பளத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள்?" இப்படிக் கேட்டால் கோடு போட முடியாது, எழுத வேண்டியிருக்கும். கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதற்கும் தாளில் ஒரு இடம் இருக்க வேண்டும். வார்டன் நின்றார் என்று எழுதப்பட்ட "திருப்தி"யும், தனியாகப் பேசியபோது சொன்ன "திருப்தி"யும் ஒரே எடையா? நாம் வைக்கும் கோரிக்கை எளிது: எந்தத் தணிக்கை நடந்தாலும் கேட்ட கேள்விகளின் நகல் தமிழில் தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் கொடுக்கப்பட வேண்டும். ரகசியம் காக்க வேண்டியது தொழிலாளியின் பெயர். கேள்வியில் என்ன ரகசியம்?

1880-ல் ஒருவர் செய்தது

இந்தப் பிரித்தறிவு புதிதல்ல. 1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக மார்க்ஸ் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். பாரிஸில் ஒரு சோஷலிஸ்டுப் பத்திரிகையில் வந்தது. 25,000 பிரதி தனியாக அச்சிட்டுத் தொழிலாளர்களிடையே விநியோகித்தார்கள். கேள்விகள் நூறையொட்டி. எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, இடைவேளை எவ்வளவு, இயந்திரத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு, கூலி எத்தனை நாளுக்கு ஒரு தடவை, கூலி பாக்கி நிற்பதால் அடகுக்கடைக்குப் போக வேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றும் பிடிபடுகிற விஷயம். திருப்தியா என்று ஒரு இடத்திலும் இல்லை.

அதனோடு வைத்திருந்த குறிப்பைப் பாருங்கள். பதில் எழுதும்போது கேள்வியின் நம்பரையும் எழுதச் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பதில் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பெயரையும் விலாசத்தையும் தரச் சொன்னார், ஆனால் சம்மதமில்லாமல் பெயரை வெளியிடமாட்டோம் என்று உறுதி சொன்னார். பதில்கள் சொற்பமாகத்தான் வந்தன. முதலாளிகளுக்குப் பயந்த காலம், ஓய்வில்லாத காலம், எழுத்தறிவும் குறைவு. விடைகள் போயின. கேள்விகள் நிற்கின்றன. நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தத் தாளை எடுத்து இன்றைக்கு ஒரு நூற்பாலையில் கேட்கலாம். கேள்வியை முழுசாக அச்சில் வைத்ததால் கிடைத்த பலன் அது.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. சென்னை சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் புரட்சிக்காரர் அல்ல. ஆனால் 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களுக்குப் போய் எழுதி வரச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான் என்று பல ஊர்கள். 1918-ல் புத்தகமாக வந்தது. அடுத்த தலைமுறையில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களைத் திரும்பப் பார்த்து 1940-ல் வெளியிட்டார்கள். பிறகும் ஆராய்ச்சியாளர்கள் இருவேல்பட்டுக்குப் போனார்கள். நிலம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிட முடிகிறதென்றால், முதலில் போனவர்கள் எதைத் தேடிப் போனோம் என்று எழுதி வைத்ததால்தான்.

சங்கம் கணக்கெடுக்கும்போது

"கூலி குறைவு என்று ஊருக்கே தெரியும், தோழர். அதற்கு இவ்வளவு தாளா?" இந்தக் கேள்வியை நாங்கள் கிளைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஊருக்குத் தெரியும், சரி. லேபர் ஆபீசர் மேஜைக்கு முன்னால் உட்காரும்போது எதிரில் முதலாளியின் வக்கீல் உட்கார்ந்திருப்பார். "எத்தனை பேரைக் கேட்டீர்கள்? எந்த மாசம்? என்ன கேட்டீர்கள்? பஞ்சப்படி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று அவர் கேட்பார். "பொதுவாக எல்லாரும் சொன்னார்கள்" என்றால் அங்கேயே கேஸ் முடிந்தது. "இதோ கேள்வி, இதோ தேதி, இதோ நம்பர் வாரியாகப் பதில்" என்று எடுத்துப் போட்டால் அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார்.

ஆகவே, அடுத்த அறுப்புக்கு முன் கூலிக் கணக்கெடுக்கப் போகும் தோழர்களுக்குச் சில வார்த்தை. கேள்வியை மேடைத் தமிழில் எழுதிக்கொண்டு போய், வயலில் வேறு தமிழில் கேட்காதீர்கள். அங்கே எப்படிக் கேட்பீர்களோ அப்படியே எழுதுங்கள். "ஊதியம்" என்று தாளில் இருக்கும், வாயில் "கூலி" என்று வரும்; கூலி என்றால் அவர் காசை மட்டும் சொல்லுவார், களத்தில் அளந்த நெல்லையும் மத்தியானக் கஞ்சியையும் டீயையும் விட்டுவிடுவார். ஆகவே காசு, நெல், சாப்பாடு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நெல்லை அவர் சொன்ன அளவிலேயே எழுதுங்கள். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். எந்த ஊர் மரக்கால் என்றும் எழுதுங்கள். கிலோவாக்குவதும் ரூபாயாக்குவதும் பிறகு தனித்தாளில், என்ன விலையில் மாற்றினோம் என்ற குறிப்போடு.

பதில் சொல்லாததும் ஒரு பதில். கடன் எவ்வளவு என்று கேட்டதும் ஒரு தாய் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுழியைப் போட்டால் அது கடனில்லாத குடும்பமாகிவிடும்! "சொல்லவில்லை" என்று எழுதுங்கள். "தெரியாது" என்றால் "தெரியாது" என்றே எழுதுங்கள். பூட்டிய வீடு எத்தனை, விரட்டிய வீடு எத்தனை என்பதும் வேண்டும்.

பாதி ஊர் முடிந்தபிறகு ஒரு கேள்வி சரியில்லை என்று தெரிந்தால் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் பழைய கேள்வியை அடித்துவிட்டுப் புதியதை மேலே எழுதக் கூடாது. எந்தத் தேதியில், எந்தத் தெருவிலிருந்து மாற்றினோம் என்று எழுதி, இரண்டு தாளையும் வைத்திருக்க வேண்டும். கேட்டவர் பெயர் தாளில் இருக்கட்டும். சேரியில் கேட்டவர் யார், ஊர்த்தெருவில் கேட்டவர் யார் என்பதும் முக்கியம். சாதி மாறினால் பதில் மாறுகிற நாடு இது, வெட்கப்பட்டு மறைத்துப் பிரயோஜனமில்லை. பெண்களிடம் பெண் தோழர்களே கேட்பது நல்லது, புருஷன் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

முடிவை முதலில் அந்த ஊரிலேயே படித்துக் காட்டுங்கள். "நாங்க அப்படிச் சொல்லலியே" என்று ஒரு கிழவர் எழுந்தால், அவர் சொன்னதையும் தேதி போட்டு எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் பெயர்ப் பட்டியல் மட்டும் தனி நோட்டில், நம்பர் போட்டு, பொறுப்பான ஒரு தோழர் கையில் இருக்கட்டும். கணக்குத் தாளில் நம்பர் மட்டும். போலீஸ் வந்தாலும் மேஸ்திரி வந்தாலும் யார் என்ன சொன்னார் என்று தெரியக்கூடாது.

தாள்களைச் சங்க ஆபீஸ் பரணில் கட்டிப் போட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது, செல் தின்றுவிடும். கொடிக்கம்பத்துக்கு வசூலிப்பதுபோல் இதற்கும் வசூலித்து ஒரு தகரப் பெட்டி வாங்குங்கள். பெட்டிக்குள் முதல் தாளாக, ஒரு பதிலும் எழுதாத வெறும் கேள்வித்தாள் ஒன்றை வையுங்கள்.